ஏணித் தாள்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். சொல்வதோடு சரி. தீர விசாரிக்க யாருக்கு நேரமிருக்கிறது? ஆனால் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாவது மாடியில், முப்பது கணினிகள் போட்ட நீள அறையில், தீர விசாரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதையே ஒருத்தி பத்தொன்பது வருடமாகத் தொழிலாக வைத்திருந்தாள். பதவி நூலகர். பிள்ளைகள் வைத்த பெயர் ஆதாரம் மேடம்.

பெயர்க் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு. "மழை வரும் போலிருக்கு மேடம்" என்று வாசல் காவலாளி சொன்னால்கூட, "எதை வெச்சுச் சொல்றீங்க?" என்பாள். அவர் வானத்தைக் கைகாட்டுவார். அண்ணாந்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் குடையை எடுப்பாள்.

முதல் வருடப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் அவள் வகுப்பு. தகவலை எங்கே தேடுவது, கிடைத்ததை நம்பலாமா கூடாதா என்று எப்படிப் பார்ப்பது, இதுதான் பாடம். பெரிய திரையில் தேடல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"பெட்டிக்குள்ள கேள்வியைப் போடுங்க. பதிலைப் போடாதீங்க. பதிலைப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க."

'காபி உடம்புக்கு நல்லது' என்று தட்டுவாள். காபியைப் புகழ்ந்து ஆயிரம் பக்கம் வந்து விழும். அழித்துவிட்டு 'காபி உடம்புக்குக் கெட்டது' என்று தட்டுவாள். திட்டி ஆயிரம் பக்கம்.

"பாத்தீங்களா? இது கிளிப்பிள்ளை. நம்ம சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். உங்க மனசுக்குள்ள ஒரு ஆசை இருக்கு பாருங்க, அதைப் பெட்டிக்குள்ள போட்டுட்டீங்கன்னா அதையே தட்டுல வெச்சு உங்க முன்னாடி நீட்டும். நீங்களும் ஆகா, உலகமே நம்ம பக்கம்தான்னு நெனச்சுக்குவீங்க."

"அப்போ என்னதான் மேடம் போடறது?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"காபி, உடம்பு. ரெண்டே வார்த்தை. வர்றதைப் படிச்சுட்டு நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. ஆய்வுக் கட்டுரையோட முதல் பக்கத்துல இருக்கற சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டு வந்து எங்கிட்ட கதை அளக்கக் கூடாது. சுருக்கத்துல எல்லாரும் நல்லவங்கதான். குட்டெல்லாம் கடைசிப் பக்கங்கள்லதான் உடையும்."

வகுப்பு சிரித்தது. பத்தொன்பது வருடமாக இதே இடத்தில்தான் சிரிக்கிறார்கள். இந்த வருடம் மட்டும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கண் மூன்றாவது வரிசைப் பக்கம் போகவில்லை. அங்கே குட்டி உட்கார்ந்து, சொல்வதை எல்லாம் வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

குட்டி அவளுடைய தங்கை மகள். ஒன்றரை வருடமாக அவளோடுதான் இருக்கிறாள். அப்பாவுக்குக் கப்பல் வேலை. வருடத்தில் ஒரு மாதம் கரையில் இருந்தால் அதிகம். இருவருக்கும் இடையில் ஒரு சட்டம் உண்டு, குட்டியே போட்டது: நூலகப் படி ஏறினால் 'மேடம்', வீட்டு வாசற்படி தாண்டினால் 'பெரியம்மா'. "இல்லைன்னா நீங்க எனக்குச் சும்மா மார்க் போட்டீங்கன்னு பசங்க சொல்லுவாங்க" என்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருநாளும் அவள் வாய் தவறியதில்லை. வீட்டுக்குள் அந்தப் 'பெரியம்மா'வைக் கேட்பதற்காகவே ஆதாரம் மேடம் சாயங்காலம் நடையை எட்டிப் போடுவாள். தனிக்கட்டை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு கொடுப்பினை வரும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

எந்த வழியாக வந்த கொடுப்பினை? அதைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், வகுப்பு முடிந்து காலியாகக் கிடந்த அதே அறைக்குத் தங்கை வந்தாள். கையில் ஸ்கேன் உறை. முகத்தில் ரத்தமில்லை.

"வயித்துல கட்டியாம்க்கா. சின்னதுதானாம். ஆனா உடனே ஆபரேஷன் பண்ணணும்கறார் டாக்டர். எனக்குக் கத்தின்னாலே ஈரக்குலை நடுங்குது. ஆபரேஷன் இல்லாம சரியாகும்னு எங்கயாவது போட்டிருக்கா, பாரேன். நீ பாத்துச் சொன்னாப் போதும். நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்."

நீ பாத்துச் சொன்னாப் போதும்! அந்தச் சொல்லில் மயங்காத அக்கா உண்டா? ஆதாரம் மேடம் கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் நோயின் பெயரை மட்டும்தான் போட்டாள். வந்ததெல்லாம் அறுவை, அறுவை, சீக்கிரம் அறுவை. பக்கத்து நாற்காலியில் தங்கை திரையைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களைத் தாங்க முடியாமல் பெட்டிக்குள் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தாள்: 'ஆபரேஷன் இல்லாமல்'.

வந்துவிட்டது ஒரு கட்டுரை. ஏன் வராது? சின்னக் கட்டியாக இருந்தால் அறுக்காமல் கண்காணித்துக்கொண்டே காத்திருக்கலாம், பதினோரு நோயாளிகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று சுருக்கத்தில் போட்டிருந்தது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். அவள் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்தாள். இரண்டு வரிகள் மேல் மஞ்சள் மையை இழுத்துத் தங்கை கையில் கொடுத்தாள்.

தங்கை அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. தாளை நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்க்கா, உங்கிட்ட வந்தா வழி கிடைக்கும்னு" என்றாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஆதாரம் மேடம் அதைச் செய்தாள். மீதிப் பதினோரு பக்கத்தைச் சாயங்காலம் படிக்கலாம் என்று இருந்தாள். சாயங்காலம் ஒரு கூட்டம் இருந்தது. மறுநாள் வேறு வேலை. பிறகு அது மனதிலேயே இல்லை.

ஏழு மாதம். வலி வந்து தங்கை திரும்பவும் டாக்டரிடம் போனபோது அவர் கையை விரித்தார். "ஏழு மாசம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்து, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் நின்ற குட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்றே மாதம்தான். காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த அன்றைக்குத்தான் ஆதாரம் மேடம் அந்தக் கட்டுரையை முழுசாகத் திறந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள்: இந்த முடிவு இன்ன வகைக் கட்டிக்குப் பொருந்தாது. அது தங்கையின் வகை. படித்தாள், கணினியை மூடினாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதைக்கூட மன்னித்துவிடலாம். தெரியாமல் செய்தது, பாசத்தில் செய்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவள் செய்ததற்குத்தான் சமாதானமே கிடையாது. குட்டி தன் அம்மா மேல் ஆத்திரமாக இருந்தாள். "பயந்தாங்கொள்ளி. ஒரு கத்திக்குப் பயந்து என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. கடைசி மாசம் நான் அவங்ககிட்ட முகம் கொடுத்தே பேசல பெரியம்மா, பேசப் பிடிக்கல" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வெடித்தாள். அம்மாவின் படத்தை மேசை டிராயருக்குள் குப்புறப் போட்டு வைத்திருந்தாள். கரண்டியும் கையுமாக நின்ற பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவள் போய்விடுவாள். செத்தவள் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம். பழியைத் தங்கையே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் ஏணித் தாள் வந்தது.

ஏணித் தாள் அவள் கண்டுபிடித்த வீட்டுப்பாடம். வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று படிப்படியாக ஏறிப் பார்க்க வேண்டும். யார் சொன்னார்கள், அவர்களுக்கு யார் சொன்னது, அது எதில் வந்தது, அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார். படிக்கு ஒரு பெட்டி. உச்சிப் பெட்டியில் ஒரே கேள்வி: நம்பலாமா, ஏன்? இருபது மதிப்பெண்.

பின்வரிசைக்காரன்தான் முதலில் எழுந்தான். "நகத்துல வெள்ளைப் புள்ளி வந்தா புதுத்துணி கிடைக்கும். எனக்குச் சொன்னது அம்மா. அம்மாவுக்குச் சொன்னது அத்தை. அத்தைக்கு யாரு சொன்னாங்கன்னு ஞாபகம் இல்லையாம். எவனோ துணிக்கடைக்காரன் கிளப்பிவிட்டதா இருக்கும் மேடம்."

"ஆதாரம் எங்கே?"

"என் சந்தேகம்தான் மேடம். நானும் மூணு மாசமா புள்ளியோடதான் திரியறேன், ஒரு கர்ச்சீப்கூட வரல."

அறையே குலுங்கியது. ஆதாரம் மேடமும் சிரித்தாள். குட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முறை வந்தபோது, "என்னோடது இன்னும் முடியல மேடம். ஒரு படி பாக்கி இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்கு, நூலகரின் சின்ன அறைக்கு வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள். மேசைமேல் ஏணித் தாளை வைத்து, அதன்மேல் நாலு மடிப்புத் தடம் விழுந்த இன்னொரு தாளை விரித்து வைத்தாள். இரண்டு மஞ்சள் வரிகள் வெளிறிப் போயிருந்தன.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது என்று ஆதாரம் மேடத்துக்குப் புரிந்தது. வெட்டச் சொன்னதும் அவளேதான்.

"பெரியம்மா" என்றாள் குட்டி. நூலகத்துக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "இப்போ மேடம்னு கூப்பிட முடியல, மன்னிச்சுக்கோங்க. நான் எடுத்துக்கிட்ட பேச்சு அம்மாவோடது. 'கட்டி சின்னதா இருந்தா ஆபரேஷன் இல்லாம காத்திருக்கலாம்'. அம்மா அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க! பயத்துல தானா சொல்றாங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சேன். ஏணித் தாளுக்காக அம்மாவோட கைப்பையை எடுத்துக் கொட்டினேன். உள் ஜிப்ல இது இருந்துச்சு."

பெரியம்மா அந்த மஞ்சள் வரிகளையே பார்த்தாள்.

"முழுக் கட்டுரையையும் தேடி எடுத்துட்டேன் பெரியம்மா. பன்னெண்டு பக்கம். எல்லாத்தையும் படிச்சேன், புரியாததை அகராதி வெச்சுப் படிச்சேன். மொத்தமே பதினோரு பேரு. ஒன்பதாம் பக்கத்துல அவங்களே எழுதியிருக்காங்க, அம்மாவுக்கு இருந்த வகைக்கு இது பொருந்தாதுன்னு. ஒன்பதாம் பக்கம்! இதைக் கொடுத்தவங்க முதல் பக்கத்தை மட்டும் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மா பயந்தாங்கொள்ளி இல்ல பெரியம்மா. அம்மா ஒரு தாளை நம்பியிருக்காங்க. நான்தான் தெரியாம..." மேற்கொண்டு பேச முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு ஏணித் தாளை யாரும் கொண்டுவந்ததில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, பக்க எண், எங்கே கிடைத்தது என்ற குறிப்பு. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த நேரத்திலும் ஒரு கணம் ஆதாரம் மேடத்துக்குப் பெருமையாக இருந்தது, பாருங்கள். நெஞ்சு அறுந்துகொண்டிருந்தது, அதற்குள்ளும் ஒரு பெருமை.

நாலாவது பெட்டி மட்டும் பாதியில் நின்றது. குட்டி மஞ்சள் வரித் தாளின் அடிப்பக்கத்தைச் சுட்டுவிரலால் தொட்டாள். பொடி எழுத்தில் ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் எண். நூலகத்தில் கண்டபடி தாள் வீணாகிறது, யார் அச்செடுத்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அட்டை எண் விழும்படி செய்தது ஆதாரம் மேடம்தான்.

"இது இங்க அச்செடுத்தது பெரியம்மா. அட்டை எண் நாப்பத்தொண்ணு. எங்க அட்டைக்கெல்லாம் ஆறு இலக்கம். ரெண்டு இலக்கம்னா வேலை பாக்கறவங்க. முதல்ல உங்களைத்தான் நெனச்சேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. பெரியம்மாவா முதல் பக்கத்தை மட்டும் படிச்சுட்டுக் கொடுப்பாங்க? அம்மா இங்க வந்தப்போ வேற யாரையோ கேட்டிருக்காங்க. யாருன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். அவங்களை நான் ஒரு தடவை பாக்கணும்."

நீங்கதான் பாத்துச் சொல்லணும். தங்கையின் அதே வார்த்தை, அதே குரல்.

அட்டை எண்ணெல்லாம் போன வருடம் மாற்றிவிட்டோம் என்று சொல்லலாம். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். குட்டி நம்புவாள். அவள் சொன்ன எதற்கு அந்தப் பெண் ஆதாரம் கேட்டிருக்கிறாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். ஒன்றரை வருடமாக மறைத்தாளே, தினமும் அதே மேசையில், அதே சோற்றில். இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். சாயங்காலம் வாசற்படி தாண்டியதும் 'பெரியம்மா' அவளுக்குக் கிடைக்கும்.

ஆனால் தாள் எதிரில் கிடந்தது. தங்கை மடித்த மடிப்பு இன்னும் அதில் இருந்தது.

ஆதாரம் மேடம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அந்தப் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னோடது" என்றாள்.

"என்ன உங்களோடது?"

"நம்பர்."

குட்டி அட்டையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். ஓர் எண்ணை இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் வகுப்பில் கற்றுக்கொண்டதுதான்.

"ஒன்பதாம் பக்கம் படிச்சீங்களா?"

"அப்போ படிக்கல. உங்கம்மா போனதுக்கு அப்புறம்தான் படிச்சேன்."

"அப்போ உங்களுக்குத் தெரியும். நான் அம்மாவை அன்னிக்குத் திட்டினப்போ, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

குட்டி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எழுந்துபோய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். அவள் வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள என்ன போட்டுத் தேடினீங்க?"

ஆதாரம் மேடத்தின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "ஆபரேஷன் இல்லாமல்னு போட்டேன் குட்டி. உங்கம்மா பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. என்னால முடியலம்மா. அவ சிரிக்கணும்னு ஆசைப்பட்டேன். உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்தேன். பயந்தாங்கொள்ளி உங்கம்மா இல்ல. நான்தான்."

குட்டி மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள். நாலாவது பெட்டியில், 'கொண்டுவந்து கொடுத்தது' என்பதற்கு நேராக, 'நூலகர், அட்டை எண் 41' என்று எழுதினாள். அப்புறம் உச்சிப் பெட்டிக்குப் போனாள். 'நம்பலாமா, ஏன்?' என்ற கேள்விக்கு 'அம்மா நம்பினாங்க' என்று எழுதி, ஏணித் தாளை மற்றப் பிள்ளைகளின் தாள்களோடு சேர்த்து வைத்தாள். மஞ்சள் வரித் தாளை மடித்தாள், அதே மடிப்பில், நாலாக. தன் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து போனாள். நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் கடைசிவரை கேட்டது.

ஆதாரம் மேடம் அன்றைக்கு எல்லாத் தாளையும் திருத்தினாள். வேறென்ன செய்வது? வெள்ளைப் புள்ளிக்குப் பதினாறு போட்டாள். குட்டியின் தாளுக்கு இருபதுக்கு இருபது. சும்மா போட்டது என்று எவனும் சொல்ல முடியாது. கீழே வழக்கமாக ஒரு வரி எழுதுவாள், நன்று என்றோ இன்னும் தேடு என்றோ. இந்தத் தாளில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டாள்.

வெளியே வந்தபோது வாசல் காவலாளி, "தூறும் போலிருக்கு மேடம்" என்றார். அவள் எதுவும் கேட்கவில்லை. குடையையும் எடுக்கவில்லை. அவர்தான் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. வீடு பூட்டியிருக்கும். பெட்டி படுக்கை போயிருக்கும். தோழி வீட்டுக்கோ விடுதிக்கோ போயிருப்பாள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் ஒருநாள் வருவாளா? தெருமுனை திரும்பியதும் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

குட்டி தன் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். டிராயருக்குள் குப்புறக் கிடந்த படம் மேசைக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றது. துடைத்து வைத்திருந்தாள். தங்கை படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த நாலு மடிப்புத் தாள் இருந்தது.

"குட்டி" என்றாள் பெரியம்மா.

குட்டி எழுந்து நின்றாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அப்படி மரியாதையாக நின்றாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன் மேடம்" என்றாள். "ஆறிடும், சாப்பிடுங்க."

ஆதாரம் மேடம் ஈரச் செருப்போடு அப்படியே நின்றாள். அவள் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருந்தாள்.